இரண்டு விநாடி

வியாழன் இரவு, கர்னி டிரைவ் பேரங்காடி,
ஏழாவது மாடி, ஐந்தாம் அரங்கு.
நூற்று நாற்பது நாற்காலிக்குப் பதினொரு பேர்.
ஊய் அக்காதான் சீட்டு வாங்கியிருந்தார்,
தலைக்கு முப்பத்தைந்து வெள்ளி.
லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில்
அவருக்கு ஹொக்கியன், எனக்குத் தமிழ்.
இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது.
"அதனாலதான் போறோம்" என்றார்.
"ஒரு ராத்திரியாவது வேற யாராவது மொழிபெயர்க்கட்டும்."

முந்நூறு வருஷத்து நாடகமாம்.
பாரிஸ் மேடையில் நடந்ததைப்
படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
மகளின் முகூர்த்தம் வந்துவிடக் கூடாதென்று
வீட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம்
கோழிக்கூட்டில் போட்டுப் பூட்டுகிறான் ஒரு தகப்பன்.
சமையற்காரி அலமாரிக்குள் நின்றுகொண்டு
வேண்டிய நேரத்துக்கு வேண்டிய மணி அடிக்கிறாள்,
வாயாலேயே.
காலை பத்துக்கு நள்ளிரவு.
மாப்பிள்ளை வீட்டாரைக்
குல்லாயும் படுக்கை அங்கியுமாக
மெழுகுவர்த்தி ஏந்தி வரவேற்கிறான்.

எழுத்து அன்றைக்குக் கொஞ்சம் பின்தங்கியே வந்தது.
முதலில் பாரிஸ் சிரிக்கும்.
பிறகு திரையின் அடியில் மலாய் ஓடும்.
படித்து முடித்து நாங்கள் சிரிப்போம்.
நடுவில் இரண்டு விநாடி.
இலை போட்டுச் சோறு வராத பந்தி மாதிரி
பதினொரு பேரும் வாயைப் பாதி திறந்து
உட்கார்ந்திருந்தோம்.

ஒருமுறை பாரிசில் யாரோ இருமினார்கள்.
எங்கள் வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தோம்.

அந்த இரண்டு விநாடியை எனக்குத் தெரியும்.
என் சம்பளமே அதற்குத்தான்.
காலையில் தங்கையா கூண்டில் நின்றார்,
பித்தான் ஒன்று மாறிப் போட்ட சட்டையில்.
நான்கு மாடுகள், பாயான் லெப்பாஸ் சாலை, அபராதம்.
ஏன் அவிழ்த்துவிட்டாய் என்ற கேள்வியைத்
தமிழாக்கி நீட்டினேன்.
"மேய்ஞ்ச எடத்துல வீடு கட்டிட்டாங்க.
மாட்டுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்கலீங்களே."
மலாயில் சொன்னேன்.
சரியாகத்தான் சொன்னேன்,
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஒன்று.
இரண்டு.
மன்றம் சிரித்தது.
மாஜிஸ்திரேட் பேனாவால் உதட்டை மறைத்தார்.
போலீஸ்காரரின் தோள் குலுங்கியது.
தங்கையா சுற்றிலும் பார்த்துவிட்டுக்
கடைசியாக என்னைப் பார்த்தார்:
என்னம்மா சொன்னே?

அந்தக் கேள்வியைப் பெயர்க்கும்படி
யாரும் எனக்கு ஆணையிடவில்லை.

மூன்றாம் அங்கத்தில் எழுத்து நின்றே போனது.
"இப்போது மணி என்ன?" என்ற வரி
திரையடியில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை.
மேலே தகப்பன் கோழிக்கூட்டின் முன்னால்
சப்பென்று உட்கார்ந்துவிட்டான்.
மடியில் ஒரு கடிகாரம்.
அதன் மேல் ஒட்டியிருந்த இறகை எடுத்தான்,
ஊதினான், ஏதோ பேசினான்,
நெடுநேரம் பேசினான்.
பாரிஸ் விழுந்து விழுந்து சிரித்தது.
இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.
எயர்கோன் சத்தம் கேட்டது.
மகளைக் கொடுக்கப் போகிறவன்
வேறென்ன பேசியிருப்பான்?
ஊய் அக்கா கைப்பையைத் திறந்து
டிஷ்யூ தேடினார்.

கொஞ்சம் பொறுத்து எழுத்து மீண்டு வந்தது,
விட்டதையெல்லாம் சேர்த்து மடமடவென்று.
கோழி பன்னிரண்டு மணியை அடைகாத்ததாம்,
பொரித்தது என்னவோ ஒன்றரையாம்.
நல்ல வரிதான்.
நாங்கள் வேறெங்கோ போய்விட்டிருந்தோம்.

கடைசியில் நடிகர்கள் வரிசையாக வந்து குனிந்தார்கள்.
பின்னாலிருந்து ஒரே ஒருவர் கைதட்டினார்,
தன் சத்தத்தைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார்.
வாசலில் துடைப்பத்தோடு ஒரு நேப்பாளிப் பையன்
நாங்கள் எழுந்திருக்கக் காத்திருந்தான்.

"எழுத்து நின்னப்போ அழுதீங்களே, எதுக்கு?"
"எதுக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சே, அதான் வெட்கமா இருக்கு"
என்று சொல்லிவிட்டு ஊய் அக்கா மின்தூக்கியில் ஏறினார்.

கார் நிறுத்தத்தில் நான் தனியாக.
கட்டண இயந்திரம் மலாயில் பேசியது:
சீட்டைச் செருகவும்.
பக்கத்தில் யாரும் இல்லை.
பழக்கதோஷம்,
மெல்லத் தமிழில் சொன்னேன்.